கனெக்டர் லாக்கை உடைக்காமல் கழற்றுவது எப்படி?

வணக்கம். ஸ்பார்க் பிளக்கை வீட்டிலேயே மாற்றும் ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "11 வருஷமான பெட்ரோல் கார். பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலிலிருந்து ஒயர் கனெக்டரைக் கழற்றும்போது அதன் லாக் படக்கென்று உடைந்துவிட்டது. மீதி மூன்றை உடையாமல் கழற்ற முடியுமா? உடைந்ததை அப்படியே மாட்டி ஓட்டலாமா?"

நல்ல வேளை, ஒன்றோடு நிறுத்திவிட்டுக் கேட்டீர்கள். அந்தக் கனெக்டர் 11 வருஷமாக என்ஜின் தலைமேல் உட்கார்ந்து வெந்த பிளாஸ்டிக். புதிதில் வளைந்து கொடுத்திருக்கும், இப்போது அப்பளம் மாதிரி நொறுங்கும்.

பெரும்பாலானவர்கள் லாக்கை அழுத்திக்கொண்டே இழுக்கிறார்கள். இழுத்தால் உள்ளே இருக்கும் கொக்கி இன்னும் இறுகும். விரலின் பலம் முழுவதும் லாக்கின் மெல்லிய நாக்கின் மேல் இறங்கும், உடையும். நீங்கள் முதலில் கனெக்டரை உள்பக்கமாகத் தள்ளுங்கள். கொக்கி தளரும். அதே நிலையில் நாக்கை லேசாக அழுத்துங்கள், இறங்குவது விரலுக்கே தெரியும். அப்புறம் ஒயரைப் பிடிக்காமல், கனெக்டரின் உடம்பைப் பிடித்து வெளியே எடுங்கள். நாக்கு இறங்கவே இல்லையென்றால் இடுக்கில் மண் அடைத்திருக்கும். பிரஷ்ஷால் தட்டிவிட்டு மறுபடி பாருங்கள். சில கார்களில் சிவப்பிலோ மஞ்சளிலோ ஒரு சின்னத் துண்டு கூடுதல் பூட்டாக இருக்கும். அதை நகர்த்தினால்தான் நாக்கு அழுந்தும். கண்ணுக்கு எட்டாத இடமென்றால் போனில் படம் எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்ப வேண்டாம்.

இன்னொன்று, ஸ்டீயரிங், டாஷ்போர்டு பக்கம் இருக்கும் மஞ்சள் கனெக்டர்கள் பெரும்பாலும் ஏர்பேக்குடையவை. அவற்றில் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

சரி, உடைந்ததை மாட்டி ஓட்டலாமா? உட்காரும், வண்டியும் ஓடும். ஆனால் பிடிப்பு இல்லாததால் அதிர்வில் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். தொடர்பு விட்டுப்போனால் அந்த சிலிண்டரில் பெட்ரோல் எரியாது. என்ஜின் நடுங்கும், செக் என்ஜின் விளக்கு வரும். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய், அங்கே எரிந்து அதைக் கெடுக்கும். அது விலை அதிகமான பாகம். அதனால் இப்போதைக்கு ஒரு கேபிள் டை போட்டுக் காயிலோடு சேர்த்துக் கட்டிவிட்டு, ஒயரோடு சேர்ந்து வரும் புதுக் கனெக்டரை வாங்கி மாற்றிவிடுங்கள். பழையதைக் கையில் எடுத்துப் போய்க் காட்டினால் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பொருந்துவதை எடுத்துத் தருவார்கள். பேட்டரி நெகடிவைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு ஒயராக வெட்டி, வெட்டியதை உடனே இணையுங்கள். எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் வெட்டினால் ஒயர் மாறிவிடும். ஃபெவிகுவிக் போட்டு ஒட்டுவது மட்டும் வேண்டாம். அடுத்த முறை கழற்றும்போது காயிலின் முனையும் சேர்ந்து உடையும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கனெக்டர் போனால் அதோடு போகும். பிளக் போகும் துளையின் மரை போனால் சிலிண்டர் ஹெட்டில், அதாவது என்ஜினின் மேல்பாகத்தில், கை வைக்க வேண்டிவரும். ஹெட் அலுமினியம், பிளக்கின் மரை இரும்பு. கோணலாக ஏறினால் இரும்புதான் ஜெயிக்கும். அவசரத்தில் கையால் ஏற்றாமல் நேராக ராட்செட் ஸ்பானரைப் போட்டு ஒரு முறை நானே இப்படி மரையைக் கெடுத்திருக்கிறேன். உள்ளே ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரையைப் போட்டுத்தான் சரிசெய்ய முடிந்தது.

என்ஜின் முழுக்க ஆறிய பிறகு, காலையில் வண்டியை எடுக்கும் முன் செய்யுங்கள். புதுப் பிளக்கின் தலையில் ஒரு ரப்பர் குழாய்த் துண்டை மாட்டி, குழாயைச் சுற்றியே ஏற்றுங்கள். கோணலாகப் போனால் குழாய் வழுக்கிச் சுற்றும், மரைக்கு ஒன்றும் ஆகாது. உடனே பின்னால் சுற்றி மறுபடி ஆரம்பியுங்கள். கடைசி முடுக்கலுக்கு மட்டும், முடுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச். வாஷர் உள்ள, மரையின் விட்டம் 14 மில்லிமீட்டர் இருக்கும் பிளக்கென்றால் பொதுவாக 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லிமீட்டருக்கு 15 முதல் 20. உங்கள் கார் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே வையுங்கள்.

பிளக் கை தவறித் தரையில் விழுந்தால் அதை மாட்டாதீர்கள். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே பீங்கான் விரிந்திருக்கலாம். புதிது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.