காத்தாடிக்குக் கொடுத்த காசு

நேயர்களுக்கு வணக்கம்.

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போனால், ஆரல்வாய்மொழி தாண்டியதும் இரு பக்கமும் காற்றில் மின்சாரம் எடுக்கும் காத்தாடிகள் தெரியும். அடுத்த முறை கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முப்பந்தலில் காற்று நன்றாக அடிக்கிற இடங்களைப் பிடித்துக்கொண்டு நிற்பவற்றில் பல பழைய, குட்டையான காத்தாடிகள். 225, 250 கிலோவாட்தான் அவற்றின் திறன். இன்று நடப்படும் ஒரே காத்தாடி 2,000 கிலோவாட்டுக்கு மேல் தரும். நல்ல இடம் சின்ன இயந்திரத்துக்குப் போனதற்குத் தொழில்நுட்பம் பாதிக் காரணம். மீதிக் காரணம் வருமான வரிச் சட்டம்.

1990-களில், காத்தாடி வாங்கும் நிறுவனம் அதன் முழு விலையையும், வரி கட்ட வேண்டிய வருமானத்திலிருந்து முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது. லாபம் பார்த்த நூற்பாலைகள் வரியில் மிச்சப்பட்ட பணத்தைக் காத்தாடியில் போட்டன. அந்தக் காத்தாடி பிறகு எத்தனை யூனிட் தருகிறது என்பதற்கும் சலுகைக்கும் சம்பந்தமே இல்லை. ஆலைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் துணிந்து வராவிட்டால் தமிழ்நாடு காற்றாலையில் முன்னுக்கு வந்திருக்காது. ஆனால் அரசு இயந்திரம் நட்டதற்குக் காசு கொடுத்தது; இயந்திரம் வந்தது.

2009 டிசம்பரில்தான், தேய்மானச் சலுகை வேண்டாம் என்பவர்களுக்கு யூனிட்டுக்கு 50 காசு ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. 2017 பிப்ரவரியில், குறைந்த விலை கேட்பவருக்கே வாய்ப்பு என்ற ஏலம் வந்தது. அதற்கு முன் தமிழ்நாட்டில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் காற்றாலை யூனிட்டுக்கு 4 ரூபாய் 16 காசு வரை நிர்ணயித்திருந்தது. ஏலத்தில் 3 ரூபாய் 46 காசுக்கு இறங்கியது. அந்த டிசம்பரில் குஜராத்தில் 2 ரூபாய் 43 காசு.

விலை இப்படி விழுந்ததும், இனி ஆதரவே தேவையில்லை என்று பலரும் பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. யூனிட் என்ன விலை என்று கேட்டோமே தவிர, எந்த நேரத்து யூனிட் என்று கேட்கவில்லை.

மின் சந்தையில் 15 நிமிடத்துக்கு ஒரு விலை. குறைந்த விலை கேட்பவரிடமிருந்து தொடங்கி வாங்கிக்கொண்டே போவார்கள். தேவை நிறைவடையும்போது கடைசியாக நிற்பவர் கேட்ட விலைதான் எல்லோருக்கும். வெயிலுக்கும் காற்றுக்கும் எரிபொருள் செலவு கிடையாது, அதனால் அவை முதலில் நிற்கும். உச்சிவெயிலில் சூரிய மின்சாரம் குவிந்தால் விலை சரியும். சரிந்த விலைதான் அதற்கும் கிடைக்கும். தக்காளி ஒரே வாரத்தில் வந்து இறங்கினால் ஒட்டன்சத்திரம் சந்தையில் என்ன ஆகுமோ, அதேதான். இரவு ஏழு மணிக்கு விலை உச்சவரம்பான 10 ரூபாயைத் தொடுகிற நாட்கள் உண்டு. அப்போது விற்க வெயில் இல்லை.

ஜெர்மனி இதை நமக்கு முன்பே அனுபவித்தது. 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுத்துத் தருபவருக்கு 20 ஆண்டுகளுக்கு நிலையான விலை. சந்தை விலை அதைவிடக் குறைந்தால், வித்தியாசம் நுகர்வோர் பில்லில் ஏறும். காற்றும் வெயிலும் சந்தை விலையைக் குறைக்கக் குறைக்க, பில்லில் ஏறும் வித்தியாசம் கூடிக்கொண்டே போனது. 2017-இல் அந்தக் கூடுதல் கட்டணம் யூனிட்டுக்கு 6.88 யூரோ சென்ட். 2022 ஜூலையில் அந்தக் கட்டணத்தையே நீக்கி, செலவை அரசு பட்ஜெட்டில் ஏற்றுக்கொண்டார்கள்.

நம் ஊரில் அந்த வித்தியாசம் ‘பாங்கிங்’ என்ற பெயரில் இருந்தது. ஆடிக் காற்றில் வந்த யூனிட்டை ஆலைகள் மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்துவிட்டு, காற்று நின்ற தை, மாசியில் எடுத்துக்கொள்ளும். வாரியம் ஒரு பங்கைக் கட்டணமாகப் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் என்ன, குதிரில் கொட்டி வைக்கிற நெல்லா? தையில் வேறெங்கோ விலைக்கு வாங்கித்தான் அந்தக் கடனைத் தீர்க்க வேண்டும். அந்தச் சுமை கடைசியில் மற்றவர்கள் தலையில்தான் விடியும்.

ஆகவே இனி ஆதரவு என்றால் அது நேரத்துக்குப் போக வேண்டும். 2020 ஜனவரியில் மத்திய அரசு நிறுவனம் நடத்திய ஓர் ஏலத்தில், சாதாரண நேரத்துக்கு 2 ரூபாய் 88 காசு என்று வைத்துவிட்டு, தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்து விலையை மட்டும் போட்டிக்கு விட்டார்கள். 6 ரூபாய் 12 காசுக்குத் தர ஆள் வந்தது. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் நீரை மேலே ஏற்றி வைத்து, தேவை கூடும்போது கீழே இறக்கி மின்சாரம் எடுத்துத் தருவதற்கான விலை அது. ஆனைமலையில் கடம்பாறை 400 மெகாவாட் நிலையம் 1980-களிலிருந்து செய்கிற அதே வேலைதான்.

இதைவிட மலிவான வழியும் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிப் போதுமான அளவு பேசுவதில்லை. விவசாய மோட்டார். குஜராத்தில் 2020 அக்டோபரில் விவசாயத்துக்குப் பகல் நேரத்து மின்சாரம் தரும் திட்டத்தைத் தொடங்கினார்கள். நாமும் மும்முனை மின்சாரத்தைப் பகலுக்கு மாற்றினால், விலை சரியும் நேரத்து யூனிட் வயலில் தண்ணீராக நிற்கும். ராத்திரி டார்ச் லைட்டோடு மோட்டார் போட வரப்பில் நடக்கிறவர் வீட்டில் தூங்கலாம்.

வணக்கம்.