பொன்னாடைக்கு முன் ஒரு சொல்

(கரிசல் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றின் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமையாசிரியர் அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, தீப்பெட்டி ஆலையில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, எனக்கு முன்பே வந்து வேப்பமரத்தடியில் இடம்பிடித்துக்கொண்ட மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

பணியாளர்களையும் தன்னார்வலர்களையும் சாதனை புரிந்த மாணவர்களையும் பாராட்டிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்திருக்கிறீர்கள். முப்பது ஆண்டுகள் மேடையில் நின்றவன் என்பதால், பாராட்டுரை என்பது எவ்வளவு எளிதில் வெற்றுச் சடங்காகிவிடும் என்பதை நான் அறிவேன். 'இவர் தம் பணியைச் செவ்வனே ஆற்றி வருகிறார்' என்று ஒரு வாக்கியம் உண்டு. எந்த ஊரிலும் எந்தப் பள்ளியிலும் எவரைப் பற்றியும் அதைச் சொல்லிவிடலாம். அதனாலேயே அது எவரையும் சென்று சேர்வதில்லை. இரண்டாயிரம் பிள்ளைகள் படிக்கும் பெரிய பள்ளியில் அப்படிச் சொல்வதை மன்னிக்கலாம். 84 பிள்ளைகளும் 5 ஆசிரியர்களும் இருக்கும் இந்தப் பள்ளியில் யார் என்ன செய்தார் என்பது தெருவுக்கே தெரியும். தெரிந்திருந்தும் பொத்தாம்பொதுவாகப் பேசினால் அது சோம்பல்தான்.

இதை நான் பிறரைக் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில், பீரோ வாங்கிக் கொடுத்தவருக்கும் மின்விசிறி கொடுத்தவருக்கும் பொன்னாடை போர்த்தினேன். வாசல் திறந்து, வகுப்பறை கூட்டி, கழிவறை கழுவிவந்த அம்மாவின் பெயரை அழைக்கவே மறந்துவிட்டேன். மறுநாள் காலை அவர் வழக்கம்போல் வந்து, முந்தின நாள் தோரணத்தின் கிழிந்த தாள்களை எல்லாம் கூட்டிக் குவித்துவிட்டு, "நேத்து விழா ரொம்ப நல்லா இருந்துச்சுங்க ஐயா" என்றார். அவர் மனத்தாங்கலோடு பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் உண்மையாகவே மகிழ்ந்து சொன்னார்.

ஆகவே இன்று பார்த்ததையும் விசாரித்து அறிந்ததையும் மட்டுமே சொல்வேன்.

கடந்த புதன்கிழமை, விழா ஏற்பாடுகளைப் பேசுவதற்காகக் காலை ஏழரை மணிக்கு இங்கே வந்தேன். சமையற்கூடத்தில் வெண்பொங்கல் இறங்கியிருந்தது. பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறிடுவது இந்த மண்ணுக்குப் புதிதன்று. 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த எட்டயபுரம் இங்கிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில்தான் இருக்கிறது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். காலை உணவு 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பெற்று, 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. இங்கே சமைப்பவர்கள் நம் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவினர். அவர்களுடைய பிள்ளைகளும் இதே பந்தியில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார்கள். அதைவிட நல்ல தரச் சோதனை வேறு எதுவும் இருக்க முடியாது என்பது என் கருத்து.

அன்று ஒரு சிறிய காட்சியைக் கண்டேன். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பாதித் தட்டோடு எழுந்து கைகழுவப் போனான். கரண்டியோடு நின்ற சமையலர் அம்மா அவனை அதட்டவில்லை. பந்தி முடிந்ததும் வகுப்பாசிரியையிடம் போய், "டீச்சர், நேத்தும் இவன் இப்படித்தான் பாதியில எழுந்தான், என்னன்னு பாருங்க" என்று சொல்லிவிட்டு, அண்டாவைக் கழுவப் போய்விட்டார். ஆசிரியை அவனை வெளிச்சத்துக்கு அழைத்து வாயைத் திறக்கச் சொன்னார். கடைவாய்ப் பல்லுக்கு அருகே ஈறு வீங்கிக் கிடந்தது. அன்று மாலையே அவன் தாயிடம் சொல்லி, அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவைத்திருக்கிறார்கள். பொங்கல் சமைப்பதற்கு அளவு உண்டு, பதிவேடு உண்டு. ஒரு பிள்ளை இரண்டு நாளாகப் பாதித் தட்டோடு எழுவதைக் கண்டு சொல்வதற்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை. அந்த அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தும்போது இந்தப் பல்லின் கதையைச் சொல்லிப் போர்த்துங்கள்.

அடுத்துத் தன்னார்வலர்கள். சம்பளம் கேட்காதவர் என்பதுதான் இந்தச் சொல்லுக்குப் பொருள் என்று நினைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்து, பிள்ளைகள் எழுத்தையே மறந்துபோன நிலையில், 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு மாலைதோறும் பாடம் சொல்லித்தர இளம்பெண்கள் பெருமளவில் முன்வந்தார்கள். அவர்களுள் ஒருவராகத் தொடங்கிய நம் கீழத்தெருப் பெண், இன்றும் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அவர் கடன் வாங்கிக் கழித்தல் சொல்லித்தரும் முறையை அருகில் உட்கார்ந்து பார்த்தேன். மருந்து தோய்க்காத தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக நூலால் கட்டிவைத்திருக்கிறார். 52இலிருந்து 17ஐக் கழிக்க வேண்டும். ஐந்து கட்டும் இரண்டு குச்சியும் தரையில் இருக்கின்றன. இரண்டு குச்சியிலிருந்து ஏழு குச்சியை எடுக்க முடியாமல் ஒரு சிறுமி விழிக்கிறாள். "கட்டை அவிழ்த்துப் பாரேன்" என்கிறார் அக்கா. நூல் அவிழ்ந்ததும் பன்னிரண்டு குச்சிகள் சிதறுகின்றன. ஏழு குச்சியை எடுத்தால் ஐந்து, மிச்சமுள்ள நான்கு கட்டில் ஒன்றை எடுத்தால் மூன்று கட்டு. முப்பத்தைந்து என்று கத்துகிறாள் அவள். நானும் கரும்பலகையில் முப்பது ஆண்டுகள் 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்றுதான் சொல்லித்தந்தேன். வாங்கிய கடன் ஏன் பத்தாகிறது என்று எத்தனை பிள்ளைகளுக்குப் புரிந்ததோ, தெரியவில்லை. தாய்மார்கள் பகலெல்லாம் கூலிக்குத் தொடும் தீக்குச்சியைக் கணக்குப் பாடமாக்கிய அந்த யோசனை அவருடைய சொந்த யோசனை.

பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. ஊர் கூடிப் பள்ளியைத் தாங்குவது என்பது சட்டத்துக்கு முன்பே இங்கே இருந்த வழக்கம். 1950களின் பிற்பகுதியில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் பெஞ்சும் நாற்காலியும் நிலமும் பள்ளிகளுக்கு வழங்கினார்கள். சென்ற கோடையில் இந்தப் பள்ளியின் குடிநீர்க் குழாயை, மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்து, தம் சொந்தக் கருவிகளோடு சரிசெய்து கொடுத்த தந்தையார் இதோ கடைசி வரிசையில் நிற்கிறார். நாற்காலி காலியாக இருக்கிறது, ஐயா, உட்காருங்கள்.

இனி மாணவர்கள். எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வில் வென்றிருக்கிறார். ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய் அவருக்குக் கிடைக்கும். மேற்படிப்பா, ஆலை வேலையா என்று ஒரு குடும்பம் தயங்கி நிற்கும் வயதில் வந்து சேரும் பணம் அது. மனத்திறன் தேர்வில் 90 வினாக்கள், படிப்புத் திறன் தேர்வில் 90 வினாக்கள். அந்த 180 வினாக்களுக்குப் பின்னால், மணி அடித்த பிறகும் நாள்தோறும் ஒரு மணி நேரம் இருந்த கணித ஆசிரியர் இருக்கிறார். 'இந்த ஆறு மாதம் அவளைத் தீக்குச்சிக் கட்டை அடுக்கச் சொல்ல மாட்டேன்' என்று சொல்லிக் காப்பாற்றிய தாயும் இருக்கிறார். அந்தத் தாயை மேடைக்கு அழைக்காமல் மகளுக்கு மட்டும் கேடயம் கொடுப்பது முறையாகாது.

ஆனால் தேர்வு எழுதியவர்கள் 6 பேர். மற்ற ஐவரும் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். அழைப்பிதழில் அவர்கள் பெயர் இல்லை. அவர்களுள் ஒரு மாணவன், எண்தொடர் வினாக்களைத் தான் தவறு செய்த விதத்தோடும், எங்கே தடுமாறினேன் என்ற குறிப்போடும் ஒரு நோட்டில் எழுதிவைத்திருக்கிறான். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இப்போது அந்த நோட்டை வைத்துத்தான் படிக்கிறார்கள் என்று கணித ஆசிரியர் சொன்னார். சரியான விடைகள் கடையில் விற்கும் கையேட்டில் கிடைக்கும். தவறுகளின் வரிசை அந்த நோட்டில் மட்டுமே இருக்கிறது. தேர்வில் வெற்றி பெறாத அந்த மாணவனுக்கு என் செலவில் ஒரு பேனா வாங்கி வந்திருக்கிறேன். தலைமையாசிரியர் அனுமதி தருவார் என்று நம்புகிறேன்.

பரிசுப் பட்டியல் என் கையில் தரப்பட்டிருக்கிறது. அதில் முதலில் மாணவர்கள், பின்னர் ஆசிரியர்கள், கடைசியில் 'மற்றும் பணியாளர்கள்' என்று இருக்கிறது. உங்கள் இசைவோடு அதைத் தலைகீழாக வாசிக்க விரும்புகிறேன். சமையலர் அம்மா நமக்கெல்லாம் தேநீர் போட்டுக்கொண்டு சமையற்கூடத்தில் இருக்கிறாராம். யாராவது ஒருவர் போய் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, அவரை இங்கே அனுப்பிவையுங்கள். அவர் வரும்வரை நான் இங்கேயே நிற்கிறேன்.