அரை மில்லிமீட்டர் படுத்திய பாடு: பழைய காருக்குப் பவர் பிரேக்

வணக்கம் மக்களே. இன்றைக்கு வண்டியை ஓட்டிக் காட்டப் போவதில்லை. பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் பேசப் போகிறேன். சத்தம் கொஞ்சம் எதிரொலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதோ பாருங்கள். டிரைவர் சீட்டுக்கு நேர் முன்னால், இன்ஜினையும் நாம் உட்காரும் இடத்தையும் பிரிக்கிற ஃபயர்வால் தகட்டில், இரண்டு சட்டிகளை வாயோடு வாய் வைத்து மூடியது போல ஒரு கறுப்பு டப்பா. இதுதான் வேக்குவம் பூஸ்டர், நம் காலோடு சேர்ந்து பிரேக்கைத் தள்ளுகிற பவர் பிரேக்கின் உயிர். போன மாதம் வரை இந்த இடத்தில், மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. வண்டி 1966 மாடல், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் போட்ட வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். போட்ட அன்றைக்கே பெடல் கல்லாகிவிட்டது. இரண்டு மணி நேரம் ஓட்டினால் வலது முழங்கால் தனியாக நியாயம் கேட்கும்.

அது டிஸ்க்கின் குறை இல்லை. டிரம்முக்குள் உரசும் கட்டையான ஷூவை, சுழல்கிற டிரம்மே இழுத்துத் தன்மேல் அழுத்திக்கொள்ளும். நாம் கொடுக்கும் பலத்தை அது பெருக்கிக்கொள்கிறது. டிஸ்க்கில் அந்த வேலை நடக்காது. நாம் எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுதான் கிடைக்கும். அதனால்தான் டிஸ்க் போட்டவர்கள் பெரும்பாலும் பூஸ்டரைத் தேடி வருகிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பவர் பிரேக் போட்டால் வண்டி சீக்கிரம் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். நிறுத்துவது டயரும் ரோடும். பழைய பிரேக்கிலேயே நான்கு சக்கரமும் லாக் ஆகும் அளவுக்கு உங்களால் மிதிக்க முடிந்தது என்றால், பூஸ்டர் அந்தத் தூரத்தை ஓர் அடிகூடக் குறைக்காது. குறைவது காலுக்கு உள்ள பாடு மட்டும்தான்.

இது ஒன்றும் புதுச் சமாச்சாரம் இல்லை. 1928 பியர்ஸ்-ஆரோ கார்களிலேயே வேக்குவம் உதவியோடு பிரேக் வந்துவிட்டது. உள்ளே ஒரு பெரிய ரப்பர் டயாஃப்ரம். இரண்டு பக்கமும் இன்ஜின் காற்றை உறிஞ்சி வைத்திருக்கும். பெடலை மிதித்ததும் பின்பக்கத்து வால்வு திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும். பெயர்தான் வேக்குவம், தள்ளுவது என்னவோ வெளிக்காற்று. என்னுடையது 8 இன்ச் டயாஃப்ரம். பரப்பளவு சுமார் 50 சதுர இன்ச். பாதரச அளவில் 18 இன்ச் வேக்குவம் இருந்தால் ஒரு சதுர இன்ச்சுக்குக் கிட்டத்தட்ட 9 பவுண்டு. பெருக்கிப் பாருங்கள், ஏறக்குறைய 200 கிலோ. இன்னொரு ஆள் இல்லை, இரண்டு மூன்று ஆள் சேர்ந்து மிதிக்கிற மாதிரி.

ஆனால் அந்த 18 இன்ச் உங்கள் இன்ஜினில் இருக்கிறதா என்று பூஸ்டர் வாங்குவதற்கு முன்னால் வேக்குவம் கேஜ் வைத்துப் பாருங்கள். என் இன்ஜின் ஐடிலில் 19 காட்டியது. 16-க்குக் கீழே போனால் சந்தேகம்தான். இன்ஜின் வால்வுகளைத் திறக்கும் தண்டை ரேஸ் கேம்ஷாஃப்ட்டாக மாற்றி, ஐடிலில் வண்டியே குலுங்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களுக்கு இங்கேதான் உதைக்கும். அவர்களுக்கு எலக்ட்ரிக் வேக்குவம் பம்ப், இல்லையென்றால் பவர் ஸ்டியரிங் பம்பிலிருந்து பலம் எடுக்கிற ஹைட்ரோபூஸ்ட்தான் வழி. பூஸ்டருக்கான ஹோஸை, இன்ஜினுக்குள் காற்றுப் போகும் குழாயான மேனிஃபோல்டிலிருந்து எடுங்கள். கார்புரேட்டரில் த்ராட்டிலுக்கு மேலே இருக்கும் சின்ன முனையில் ஐடிலில் வேக்குவமே வராது. பெட்ரோல் ஹோஸ் மிச்சமிருக்கிறதே என்று அதை மாட்டாதீர்கள், உறிஞ்சும்போது சப்பிப்போகும்.

சரி, இப்போது கேமராவைக் கீழே கொண்டுபோகிறேன். பெடல் தண்டில் இரண்டு ஓட்டைகள் தெரிகிறதா? எல்லா வண்டியிலும் இப்படி இருக்காது. மேலே இருப்பது பூஸ்டர் இல்லாத மேனுவலுக்கு, கீழே இருப்பது பவருக்கு. மேல் ஓட்டையில் மாட்டினால் காலின் பலம் ஏறக்குறைய 6 மடங்காகும், கீழ் ஓட்டையில் 4 மடங்கு. பூஸ்டரைப் போட்டுவிட்டு, பெடலிலிருந்து அதற்குப் போகும் ராடைப் பழைய ஓட்டையிலேயே விட்டால், பெடல் ரொம்ப தூரம் போகும், தொட்டாலே பிடிக்கும். கூடவே மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றினேன். பழையது 7/8 இன்ச், ஒற்றைச் சிலிண்டர். எங்கே ஒரு பைப் ஒழுகினாலும் நான்கு சக்கரமும் போச்சு. புதியது 1 இன்ச், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்கு ஆயிலும் கூடுதலாக வேண்டும்.

இனிமேல்தான் நான் மாட்டிக்கொண்ட கதை. எல்லாம் மாட்டி, பிரேக் பைப்புக்குள் புகுந்த ஏரை எடுத்து, வண்டியை வெளியே எடுத்தேன். பெடல் வெண்ணெய் மாதிரி. மூன்று கிலோமீட்டர் போயிருப்பேன், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி நகர மாட்டேன் என்கிறது. யாரோ பின்னால் கயிறு கட்டி இழுப்பது போல. நிறுத்தி இறங்கினேன். முன் சக்கரத்திலிருந்து கருகல் வாடை. வீலுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியவில்லை, அவ்வளவு அனல்.

காலிப்பர் சிக்கிக்கொண்டதா, மாஸ்டர் பிஸ்டன் திரும்பி வரவில்லையா? இதற்கு ஒரு வழி உண்டு. மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிடித்திருக்கும் இரண்டு நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்தி, சிலிண்டரை லேசாக முன்னால் இழுத்தேன். டக்கென்று சக்கரம் விட்டது. அப்படியென்றால் பழி காலிப்பர்மேல் இல்லை, நடுவில் இருக்கும் புஷ்ராட் மேல்.

பூஸ்டரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு மாஸ்டர் பிஸ்டனைத் தள்ளுகிற சின்னக் கம்பி இது. நுனியில் திருகி நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். பெடலை விட்டதும் இதற்கும் பிஸ்டனுக்கும் நடுவே நூலிழை இடைவெளி வேண்டும். சுமார் அரை மில்லிமீட்டர். எனக்கு இடைவெளியே இல்லை, கம்பி பிஸ்டனைத் தள்ளிக்கொண்டே நின்றது. சிலிண்டருக்குள் ஆயில் டேங்குக்குத் திரும்பிப் போக ஊசித் துளை ஒன்று உண்டு. பிஸ்டன் முழுதாகப் பின்வாங்கினால்தான் அது திறக்கும். என் வண்டியில் அது மூடியே கிடந்தது. காலிப்பருக்குள் இருக்கும் பேட் டிஸ்க்கில் உரசிச் சூடாக, ஆயில் விரிய, விரிந்த ஆயில் போக வழியில்லாமல் இன்னும் இறுக்க, இன்னும் சூடு. நானே மிதிக்காமல் வண்டி தன்னைத் தானே பிரேக் பிடித்துக்கொண்டிருந்தது.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். குழந்தைகள் விளையாடுகிற களிமண்ணில் ஒரு சின்ன உருண்டை. இதோ, கம்பி நுனியில் ஒட்டுகிறேன். மாஸ்டரை வைத்து நட்டை இறுக்குகிறேன். பெடலைத் தொடக் கூடாது. திரும்பக் கழற்றுகிறேன். கிட்டே வந்து பாருங்கள், களிமண் தட்டையாகியிருக்கிறது. வெர்னியரில் 0.6 மில்லிமீட்டர். முதல் தடவை இதைச் செய்திருந்தால் தாள் போல நசுங்கியிருக்கும், அங்கேயே எனக்குத் தெரிந்திருக்கும். சோம்பல், வேறென்ன. கம்பியை ரொம்பக் குட்டையாக வைத்தால் பெடல் பாதி வரை சும்மா போகும், அதுவும் ஆகாது.

அடுத்தது, யாரும் சரியாகச் சொல்லாத விஷயம். ஓடும்போது இன்ஜின் நின்றுவிட்டால்? பூஸ்டருக்குள் தேங்கியிருக்கும் வேக்குவத்தில் ஒன்றிரண்டு மிதி நன்றாகப் பிடிக்கும். அதற்கப்புறம் உங்கள் கால்தான். அப்போது பழைய மேனுவல் பிரேக் அளவுக்காவது பிடிக்குமா? பிடிக்காது. 30 கிலோ அழுத்துகிறீர்கள் என்று வையுங்கள். பழைய அமைப்பில் 6 மடங்கு, 180 கிலோ, 0.6 சதுர இன்ச் பிஸ்டன்மேல். சதுர இன்ச்சுக்கு 300 கிலோ. இப்போது 4 மடங்கு, 120 கிலோ, 0.785 சதுர இன்ச்மேல். வருவது சுமார் 153. பாதிதான். வசதிக்காக நாமே கழற்றிக் கொடுத்த பாதி அது.

அதனால் காலியான மைதானத்தில், ஆள் நடக்கும் வேகத்தில், நியூட்ரலில் இன்ஜினை அணைத்துவிட்டு நான்கைந்து முறை மிதித்துப் பாருங்கள். சாவியை மட்டும் உருவிவிடாதீர்கள், ஸ்டியரிங் லாக் உள்ள வண்டியென்றால் லாக் ஆகிவிடும். எவ்வளவு பலமாக மிதிக்க வேண்டும் என்று காலுக்குத் தெரிந்திருக்கட்டும். வீட்டில் வேறு யாராவது இந்த வண்டியை எடுப்பார்கள் என்றால் அவர்களையும் உட்கார வைத்து மிதிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாகப் பூஸ்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடலாம். இன்ஜின் ஆஃப். மிதிக்கிறேன், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பெடல் இறுகிவிட்டது. காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்கிறேன்... பார்த்தீர்களா, பெடல் ஓர் விரற்கடை கீழே இறங்கியது. அப்படியே கிடந்திருந்தால் ஹோஸையோ, காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் செக் வால்வையோ தேட வேண்டியதுதான்.

பேசிக்கொண்டே ஃபெண்டரில் பிரேக் ஆயில் சிந்திவிட்டேன். பெயின்ட்டைத் தின்றுவிடும், தண்ணீர் ஊற்றிக் கழுவப் போகிறேன். பின் டிரம்மை அடுத்த வீடியோவில் திறக்கலாம்.