தலைப்பிலேயே சொல்லிவிடுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நாகர்கோவிலில் இருந்துகொண்டு இணையத்துக்குச் செய்தி எழுதுகிறவன் நான். தலைப்பு வைப்பதைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று வந்தேன்.

கள்ளக்கடல் என்றால் நம் கடற்கரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ வீசும் புயலில் கிளம்பும் அலை, இங்கே காற்றும் மழையும் இல்லாத நாளில் கரை ஏறிவிடும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் அலை இழுத்து 5 மருத்துவ மாணவர்கள் போய்ச் சேர்ந்ததை மறக்க முடியுமா?

அப்படியோர் எச்சரிக்கை வருகிறது என்று வையுங்கள். “குமரிக் கடலில் நடக்கப்போவது என்ன? அதிர்ச்சித் தகவல்!” என்று தலைப்பு போடுகிறார்கள். குளச்சலில் வலையைச் சரிசெய்துகொண்டிருப்பவர் போனை எடுத்து ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான். அதில் அவருக்கு என்ன தெரிந்தது? “கள்ளக்கடல்: குமரியில் மே 10 இரவு வரை கடலில் இறங்காதீர்கள்” என்று எழுதினால், செய்தியைத் திறக்காமலே விஷயம் போய்ச் சேர்ந்துவிடும். திறக்காவிட்டால் எனக்கு ஒரு கிளிக் குறையும். குறையட்டும்.

‘கள்ளக்கடல்’ முதலில் நிற்பதையும் கவனியுங்கள். கூகுள் தேடலில் ஏறக்குறைய 60 எழுத்தைத் தாண்டினால் தலைப்பின் வால் அறுந்துவிடும். தமிழ் எழுத்து அகலமானது, அதற்கு முன்பே அறுந்தாலும் அறுந்துவிடும். அதனால் முக்கியமான சொல் முன்னால் வர வேண்டும்.

அப்புறம், ஜனங்கள் தேடுகிற சொல். 2023-இல் நம் மட்டிப் பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு “பாரம்பரியக் கனிக்கு மகுடம்” என்று தலைப்பிட்டால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் கனி, மகுடம் என்று யார் தேடப்போகிறார்கள்? “கன்னியாகுமரி மட்டி வாழைப்பழத்துக்குப் புவிசார் குறியீடு” என்றால் ஊர், பொருள், சேதி மூன்றும் வந்துவிட்டன.

இன்னொன்று, தேதி. நான் ஒருமுறை “குமரியில் நாளை பள்ளிகளுக்கு விடுமுறை” என்று தேதி போடாமல் எழுதிவிட்டேன். அடுத்த வருஷ மழையில் அதுவே வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தது. தக்கலையிலிருந்து சித்தி போன் செய்து, “மக்களே, நாளைக்குப் பிள்ளையள அனுப்பண்டாமா?” என்று கேட்டார். “சித்தி, அது போன வருஷத்துச் செய்தி” என்றேன். “அதை மேலேயே எழுதியிருக்கலாமே?” என்றார். அன்றிலிருந்து விடுமுறைக்கும் கடல் எச்சரிக்கைக்கும் தேதி இல்லாமல் நான் தலைப்பு வைப்பதில்லை.