கவசம் பழையது, கோபம் அன்றையது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். இத்தாலிய ஓவியர் பிரான்செஸ்கோ ஹாயெஸின் வரலாற்றுப் படங்களில் விஞ்சி நிற்பது பழங்கதையா, விடுதலை வேட்கையா என்பது தலைப்பு. விடுதலை வேட்கையே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர், "கவசமும் வெல்வெட் அங்கியும் பழைய கோட்டையுமாக வரைந்தவரிடம் விடுதலை எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். சரி, அந்த மனிதர் எங்கே உட்கார்ந்து வரைந்தார் என்று பார்க்க வேண்டாமா? 1791இல் வெனிஸில் ஏழை வீட்டில் பிறந்து, ரோமில் சிற்பி கனோவாவின் ஆதரவில் வளர்ந்து, பிறகு 1882இல் இறக்கும்வரை மிலானில் வாழ்ந்தவர் அவர். அந்த மிலான் 1859 வரை ஆஸ்திரியாவின் கையில் இருந்தது, தணிக்கையும் இருந்தது. அன்னியனே வெளியேறு என்று நேரடியாக வரைய விட்டிருப்பார்களா? அதனால்தான் அவர் 1282ஆம் ஆண்டுக்குப் போனார்.

அந்த ஆண்டு இத்தாலியின் தெற்கே உள்ள சிசிலித் தீவில் பிரெஞ்சுக்காரர் ஆட்சி. அங்கே பலெர்மோ நகரில் மாலை வழிபாட்டு நேரத்தில், ஆயுதம் தேடுகிறேன் என்று சொல்லி ஒரு சிப்பாய் ஒரு பெண்ணின் மேல் கை வைக்க, ஊரே திரண்டு எழுந்தது. ஹாயெஸ் இதை 1820களில் வரைந்தார், மனசு ஆறாமல் 1846இல் மறுபடியும் பெரிதாக வரைந்தார். 1848 ஜனவரியில் அதே பலெர்மோ நிஜமாகவே கிளர்ந்தது, மார்ச்சில் மிலான் மக்கள் ஐந்தே நாளில் ஆஸ்திரியப் படையை நகரைவிட்டு விரட்டினார்கள். படத்தைப் பார்த்துத்தான் எழுந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஊருக்குள் எது கொதித்ததோ அதுவே அவர் தூரிகையிலும் கொதித்தது.

அப்புறம், 1838இல் ஆஸ்திரியப் பேரரசரின் முடிசூட்டுக்காக மிலான் அரண்மனை விதானத்தில் ஹாயெஸ் வரைந்தாரே என்று எதிரணியினர் கேட்டார்கள். வரைந்தார்தான். ஆனால் மூன்றே ஆண்டு கழித்து, 1841இல், லண்டனில் நாடுகடந்து வாழ்ந்த இத்தாலிய விடுதலைப் போராளி மாஜினி, ஆம், நம் பாரதி எவருடைய சபதத்தைப் பாடினாரோ அதே மாஜினி, இத்தாலிய வரலாற்று ஓவியத்தின் தலைவர் ஹாயெஸ்தான் என்று போற்றி எழுதினார். பேரரசரின் பரம எதிரி கொடுத்த சான்றிதழ் அது! இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்?

ஒரே ஒரு படம் சொல்லி முடிக்கிறேன் நடுவர் அவர்களே. ஆஸ்திரியர் திரும்பி வந்து மிலானைப் பிடித்துக்கொண்ட பிறகு, 1851இல் வரைந்த 'தியானம்'. இருட்டில் ஒரு பெண் ஆடை நெகிழ உட்கார்ந்திருக்கிறாள், நேராக நம்மை முறைக்கிறாள். மடியில் இருக்கும் புத்தகத்தின் முதுகில் இத்தாலியின் வரலாறு என்று எழுதியிருக்கிறது. கையில் பிடித்திருக்கும் சிலுவையில் 1848 மார்ச் 18 முதல் 22 வரையிலான அந்த ஐந்து நாட்களின் தேதி. இதில் கவசம் இல்லை, கோட்டை இல்லை, ராஜா கதையும் இல்லை. இந்தத் தேதிக்கு எதிரணி பதில் சொல்லட்டும். வணக்கம்.