அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சாலைப் பாதுகாப்பில் காவல்துறையும் பொதுமக்களும் என்ற தலைப்பில் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதுமே வானொலியை அணைக்கக் கை நீண்டிருக்கும். கொஞ்சம் பொறுங்கள். ஹெல்மெட் போடுங்கள் என்று புத்தி சொல்ல நான் வரவில்லை. கடைசியில் அதையும் சொல்லத்தான் போகிறேன், அது வேறு. இப்போது சொல்ல வந்தது ஒரு பூசணிக்காயின் கதை.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். வங்கியில் காசாளராக முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன். காலையில் பள்ளி தொடங்கும் நேரத்தில் ஒரு முனையில் போக்குவரத்து வார்டனாக நிற்கிறேன். வார்டன் என்றால் காவல்துறைக்குத் துணையாக, சம்பளம் இல்லாமல் நிற்கிற ஆள். வண்டியை நிறுத்தலாம், கையைக் காட்டலாம், பிள்ளைகளைச் சாலை கடக்கச் செய்யலாம். அபராதம் விதிக்க முடியாது. என் கையில் சலான் எந்திரம் இல்லை என்பதாலேயே என்னிடம் எல்லோரும் தாராளமாகப் பேசுவார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

விபத்து வழக்கில் எழுதப்படும் முதல் தகவல் அறிக்கையை நீங்கள் படித்திருக்கிறீர்களா? படிக்கும் நிலை யாருக்கும் வரவேண்டாம். அதில் ஒரு வாக்கியம் தவறாமல் இருக்கும். 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து'. லாரி மோதினாலும் இதுதான், ஸ்கூட்டர் சறுக்கினாலும் இதுதான். சட்டப் பிரிவு அப்படிக் கேட்கிறது, காவலர் அப்படி எழுதுகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாக்கியத்தை எழுதி முடித்ததும் கோப்பு மூடிக்கொள்கிறது. அதே இடத்தில் அடுத்த மாதம் இன்னொருவர் விழுந்தால், அவரும் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்தான் விழுந்திருப்பார்.

இனி பூசணிக்காய்க்கு வருகிறேன்.

நான் நிற்கிற முனை நூறடிச் சாலையை ஒட்டியது. ஊரைக் குறிப்பாகச் சொல்லப்போவதில்லை, அங்கே எல்லோரும் எனக்கு வேண்டியவர்கள். இடது பக்கம் ஒரு திருப்பம். அந்தத் திருப்பத்தில் விடியற்காலையில் இருசக்கர வண்டிக்காரர்கள் சறுக்கி விழுந்துகொண்டிருந்தார்கள். நான் ஏழரை மணிக்கு வருவேன், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். டீக்கடைக்காரர் சொல்வார், நான் நோட்டில் தேதி போட்டுக் குறித்துக்கொள்வேன். காசாளர் புத்தி, எதையும் எழுதி வைத்தால்தான் தூக்கம் வரும். ஐந்து மாதத்தில் ஆறு பேர். நல்லவேளையாக உயிர் போகவில்லை. ஒருவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு, ஒரு பால்காரருக்கு இரண்டு கேன் பால் நஷ்டம்.

எனக்குக் கணக்கு இடித்தது. அந்தத் திருப்பத்தில் வேகமாகப் போகவே முடியாது. மழை பெய்த நாளும் இல்லை. பிறகு ஏன் விழுகிறார்கள்?

முனையில் பூ விற்கிற அம்மா ஒருவர் இருக்கிறார். கோயம்பேட்டில் மூன்று மணிக்குப் பூ எடுத்து, ஐந்து மணிக்குக் கூடையை இறக்கிவிடுவார். மார்கழி மாதம், ஒரு நாள் முழம் போட்டுக்கொண்டே சொன்னார்: "சார், நேற்று அமாவாசை. இன்றைக்கு ஒருவர் விழுந்தார். போன அமாவாசைக்கு மறுநாளும் இப்படித்தான் ஒருவர் விழுந்தார்."

வீட்டுக்குப் போய், சுவரில் தொங்குகிற தினசரி நாள்காட்டியையும் என் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஆறு பேரில் ஐந்து பேர் அமாவாசைக்கு மறுநாள் விழுந்திருக்கிறார்கள். ஆறாமவர் ஆயுத பூஜைக்கு மறுநாள். கணக்கு டேலி ஆகிவிட்டது!

உங்களுக்குப் புரிந்திருக்கும். அமாவாசை இரவு கடையை அடைக்கும்போது திருஷ்டி சுற்றிப் பூசணிக்காய் உடைப்பார்கள். முச்சந்தியில்தான் உடைக்கவேண்டும் என்று ஐதீகம். அந்த முனையில் ஏழெட்டுக் கடைகள். இரவெல்லாம் லாரியும் பஸ்ஸும் அதன்மேல் ஏறிப் போய், சதையும் விதையும் குங்குமமும் சேர்ந்து தார்மேல் வழவழவென்று ஒரு பூச்சு ஆகிவிடும். பெரிய துண்டாகக் கிடந்தால் கண்ணுக்குத் தெரியும், ஒதுங்கிப் போகலாம். பூச்சு தெரியாது. மேலே இருந்த தெருவிளக்கு எரியாமல் போய்ப் பல வாரம் ஆகியிருந்தது. துப்புரவுப் பணியாளர் ஆறு மணிக்கு மேல் பெருக்கிவிடுவார், ஏழரை மணிக்கு நான் வரும்போது சாலை சுத்தமாக இருக்கும். ஆயுத பூஜை வந்தால் சாலையில் பூசணிக்காய் உடைக்காதீர்கள் என்று வேண்டுகோள் வருகிறது, செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். மாதாமாதம் வருகிற அமாவாசையை நாம் யாரும் நினைக்கவில்லை.

ஒன்று சொல்லவேண்டும். விபத்து விவரங்களைப் பதிய இப்போது ஐராட் என்று ஒரு செயலி இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யும் மத்திய அரசின் தேசியத் தகவல் மையமும் சேர்ந்து செய்தது. 2021இல் முதலில் தொடங்கிய ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. காவலர் விபத்து நடந்த இடத்திலிருந்தே படத்தோடு பதிகிறார். நெடுஞ்சாலைப் பொறியாளர், போக்குவரத்துத் துறை, மருத்துவமனை ஆகியோரும் அதே விபத்துக்குத் தங்கள் பங்கைப் பதிகிறார்கள். நல்ல ஏற்பாடு, மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் திதி எழுத அதில் இடம் இருக்காது. பூக்காரம்மாவிடம் கேட்டால்தான் அது தெரியும்.

இன்ஸ்பெக்டரிடம் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். சிரித்தார், ஆனால் தட்டிக் கழிக்கவில்லை. "சார், பூசணிக்காய் உடைக்காதே என்று காக்கிச்சட்டை சொன்னால் அது வேறு மாதிரி வம்பில் போய் முடியும்" என்றார். நியாயம்தான். கடைசியில் டீக்கடை பெஞ்சில் ஒரு கூட்டம் நடந்தது. வியாபாரிகள் சங்கச் செயலாளர், துப்புரவு மேற்பார்வையாளர், ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் இரண்டு பேர், தெருமுனைப் பிள்ளையார் கோயில் குருக்கள், நான். இன்ஸ்பெக்டர் சாதாரணச் சட்டையில் வந்து பின்னால் நின்று டீ குடித்தார், வாயே திறக்கவில்லை. பேசியது குருக்கள்தான். "திருஷ்டி கழியத்தானே உடைக்கிறீர்கள்? அடுத்தவன் தோளை உடைத்தால் அந்தப் பாவம் எந்தக் கணக்கில் ஏறும்?" என்றார். அவரவர் கடை வாசலில் சாக்கு விரித்து உடைப்பது, உடைத்த கையோடு அள்ளிவிடுவது என்று அன்றைக்கு முடிவானது. ஒரு மளிகைக் கடைக்காரர் மட்டும் முச்சந்திதான் முறை என்று நாலு மாதம் பிடிவாதம் பிடித்தார். பிறகு அவர் மருமகனே அங்கு ஸ்கூட்டரில் சறுக்கினார். அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. தெருவிளக்குக்கு நான்கு கடிதம் போட்டோம், ஐந்தாவது கடிதத்துக்கு முன்னால் எரிந்தது.

நேரத்தைப் பார்க்காமல் பூசணிக்காயிலேயே நின்றுவிட்டேன். சொல்ல வந்தது இதுதான். விழுந்தவர்கள் கணக்கு காவல் நிலையத்தில் இருக்கிறது, விழ இருந்து தப்பியவர்கள் கணக்கு டீக்கடையில் இருக்கிறது. மாதம் ஒரு முறை, அரை மணி நேரம், ஒவ்வொரு போக்குவரத்துக் காவல் நிலையத்தாரும் தங்கள் மோசமான முனையில் போய் உட்கார்ந்து, இங்கே யார் விழ இருந்தார்கள் என்று கேட்டால் போதும். சலான் எந்திரத்தை ஜீப்பிலேயே வைத்துவிட்டுப் போகவேண்டும். அது கையில் இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இதற்குச் செலவே இல்லை. காவல்துறை 'மூன்றாவது கண்' என்று இயக்கம் நடத்தியபோது கடைக்காரர்களும் குடியிருப்போரும் சொந்தக் காசில் கேமரா வைத்தார்களே, சங்கிலி பறிப்பவனைப் பிடிக்க. எங்கள் முனையில் அடகுக்கடைக் கேமராவில் நான் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். திருடனைக் காணோம். பஸ் நிறுத்தத்தைத் தாண்டி இருபது அடி தள்ளிப் பஸ் நிற்பதும், இறங்குகிறவர்கள் நேராகச் சாலை நடுவில் கால் வைப்பதும் தெரிந்தது. நிறுத்தத்தில் ஷேர் ஆட்டோ நிற்கிறது, பஸ் என்ன செய்யும்? விளக்கு எரியாத இருட்டில்தான் சங்கிலியும் போகிறது, அதே இருட்டில்தான் காலும் இடறுகிறது.

அடுத்து, இது முக்கியம், வேகமாகச் சொல்கிறேன். அடிபட்டவரைத் தொட்டால் போலீஸ், கோர்ட் என்று அலையவேண்டும் என்ற பயம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. உதவியவரை அலைக்கழிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொல்லிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 134ஏ என்ற பிரிவே இதற்காக வந்தது. உங்கள் பெயரைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 108ஐ அழையுங்கள், பக்கத்தில் நில்லுங்கள், பிறகு வீட்டுக்குப் போங்கள். பணம் யார் கட்டுவது என்ற கவலையும் வேண்டாம். 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு ஒரு வரம்பு வரை அரசே பொறுப்பு. அடிபட்டவர் வெளிமாநிலத்தவர் என்றாலும் உண்டு. இதை ஒவ்வொரு ஆட்டோ ஸ்டாண்டிலும் காவலர்களே போய்ச் சொல்லவேண்டும். மறுபடியும் சொல்கிறேன், உங்கள் பெயரைக் கேட்டு யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

காசாளன் ஆயிற்றே, எண் ஒன்றாவது சொல்லாமல் போகலாமா? அரசுக் கணக்குப்படி தமிழகச் சாலைகளில் இறந்தவர்கள் 2016இல் 17,218 பேர். 2019இல் அது 10,525 ஆகக் குறைந்தது. 2022இல் மறுபடியும் 17,884. குறைந்தபோது என்ன செய்தோம், ஏறியபோது எதை விட்டோம் என்று...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை உயர்த்திக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடமாம். குடியிருப்புத் தெருக்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று 2023 நவம்பரில் சென்னையில் வந்த விதியைப் பற்றியும், பள்ளிகளில் ஆர்.எஸ்.பி. என்கிற சாலைப் பாதுகாப்புப் படைப் பிள்ளைகளைப் பற்றியும், இரவு பத்து மணிக்குப் பஸ் நிறுத்தத்தில் தனியாக நிற்கிற பெண்களைப் பற்றியும் மூன்று பக்கம் எழுதி வந்தேன். பூசணிக்காய் அதையெல்லாம் விழுங்கிவிட்டது.

ஹெல்மெட் மட்டும் பாக்கி. வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறேன். தலையில் கவிழ்த்துக்கொண்டு பட்டியைத் தொங்கவிட்டுப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். விழுந்தால் நமக்கு முன்னால் அது பறந்துவிடும். ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பிடிக்கிறேன், கேளுங்கள்.

டிக்.

கேட்டதா? நாளைக் காலை கிளம்பும்போது உங்கள் தாடைக்குக் கீழே இந்தச் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். வணக்கம்.