இளங்குதிரையின் வாய்

நேயர்களுக்கு வணக்கம்.

உங்களிடம் குதிரை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பல் இருக்கிறதல்லவா, அது போதும். காலையில் அவசரமாகப் பல் துலக்கும்போது பிரஷ் நழுவி ஈறில் இடித்ததுண்டா? கண்ணில் நீர் வந்துவிடும். குதிரைக்கு முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி உண்டு. கடிவாள இரும்பு உட்காருவது அங்கேதான். மேலே மெல்லிய ஈறு, அடியில் நேராக எலும்பு. முழங்காலுக்குக் கீழே, கட்டில் கால் இடித்தால் துள்ளுவோமே, அந்த முன்னெலும்பைத் தடவிப் பாருங்கள். கிட்டத்தட்ட அதுதான்.

நான் பேச வந்தது நெடுந்தூரச் சவாரிப் பந்தயத்துக்குப் பழகும் இளங்குதிரைக்கு மென்மையான கடிவாளம் போடுவதைப் பற்றி. இந்தப் பந்தயத்தில் உச்சத் தூரம் ஒரே நாளில் 160 கிலோமீட்டர். வழியில் நிறுத்தி நிறுத்தி மருத்துவர் பார்ப்பார். குறித்த நேரத்துக்குள் நாடி நிமிடத்துக்கு 64-க்கு இறங்கவில்லை என்றால் அத்தோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சும்மா நிற்கும் குதிரைக்கு நாடி 28 முதல் 44 வரை இருக்கும். வாயில் இருக்கும் இரும்போடு மல்லுக்கட்டிக்கொண்டே வரும் குதிரைக்கு அது எப்படி இறங்கும்? ஆகவே மென்மையான கடிவாளம் என்று நான் சொல்வது இரக்கத்துக்காக மட்டும் இல்லை. கணக்கும் அதைத்தான் சொல்கிறது.

சிக்கல் புறப்படும் இடத்தில் தொடங்கும். முன்னால் இருபது குதிரை பாய்கிறது, நம்முடையதும் பாயத்தான் பார்க்கும். கூட்டத்தோடு ஓடுவது அதன் பிறவிக் குணம். உடனே பக்கத்தில் நிற்பவர், “இன்னும் கெட்டியான கடிவாளம் போடுங்கள்” என்பார். எப்போதும் ஒருவர் இருப்பார் இப்படிச் சொல்ல! நானும் கேட்டேன். கேட்டுக் கெட்டேன்.

நான்கு வயதுப் பெண்குதிரை அது. தங்கமான குணம். ஆனால் இடப்பக்க லகானைத் தொட்டாலே தலையை உதறும். நடுவில் ஒரே மூட்டுள்ள சாதாரண ஸ்னாஃபிள்தான் போட்டிருந்தேன், அதாவது கை இழுக்கும் அளவே வாயில் இறங்கும் எளிய கடிவாளம். அதனால்தானோ என்று இரண்டு மூட்டுள்ளதை வாங்கினேன். உதறல் நிற்கவில்லை. ரப்பர் போட்டேன், மென்று துப்பியது. கடைசியில் ஓர் அனுபவஸ்தர் சொன்னார் என்று நெம்புகோல் வகை மாட்டினேன். நெம்புகோல் தெரியும்தானே, கிணற்று மூடியைக் கம்பி வைத்துத் தூக்குவோமே, அதே வேலைதான். நம் கை இழுப்பது கொஞ்சம், வாயில் இறங்குவது பல மடங்கு. மாட்டியதும் குதிரை அடங்கிவிட்டது. ஊரெல்லாம் பெருமையடித்தேன். மூன்றாம் நாள் கடிவாளத்தைக் கையில் எடுத்ததுமே லாயத்தின் மூலைக்குப் போய், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது.

அப்புறம்தான் புத்தி வந்தது. பல் பார்க்கும் மருத்துவர் மயக்க ஊசி போட்டு, வாயைத் திறந்து வைத்து, உள்ளே விரலை விட்டுத் தடவினார். “இங்கே தொட்டுப் பாருங்கள்” என்றார். இடப்பக்க மேல் ஈறுக்குள் மொச்சை அளவுக்கு ஒரு மேடு. ஓநாய்ப் பல் என்பார்கள். கடைவாய்ப்பல் வரிசைக்கு முன்னால் முளைக்கும் உபயோகமில்லாத சின்னப் பல். எல்லாக் குதிரைக்கும் வருவதில்லை. இதற்கு வெளியே முளைக்காமல் ஈறுக்குள்ளேயே படுத்திருந்தது. கண்ணால் பார்த்தால் தெரியாது. இரும்பு ஒவ்வொரு தடவையும் அதன்மேல் ஈறை நசுக்கியிருக்கிறது. பல்லை எடுத்து, புண் ஆறும்வரை காத்திருந்து மறுபடி எதை மாட்டினேன் தெரியுமா? முதன்முதலில் போட்ட அதே பழைய ஸ்னாஃபிள். தலை உதறல் போன இடம் தெரியவில்லை.

அதனால் திரும்பவும் சொல்கிறேன்: முதலில் பல், பிறகு கடிவாளம். குதிரைக்குப் பால்பல் விழுந்து முழுப்பல் வந்து சேர ஐந்து வயதாகும். நாம் பழக்கத் தொடங்குவதோ அதற்கு முன்பே. பல் முளைக்கும் குழந்தை என்ன பாடு படுத்துகிறது! அந்த வயதுப் பிள்ளையின் வாயில் நாம் இரும்பைத் திணிக்கிறோம்.

பல் சரி என்றால் அளவுக்கு வாருங்கள். தடித்த இரும்பு மெத்தென்று இருக்கும் என்று நினைப்போம். பாதிதான் உண்மை. தடிப்பாக இருந்தால் அழுத்தம் பரவும், சரி. ஆனால் வாய்க்குள் இடம் வேண்டுமே? நாக்கே முழு வாயையும் அடைத்துக்கொண்டிருக்கிறது. இந்தப் பந்தயத்தில் அதிகம் ஓடுவது அரபுக் குதிரைகள். அவற்றின் வாய்ப்பகுதி சிறியது. உதட்டை விலக்கிப் பாருங்கள், இரும்பைக் கடித்தபடியே நின்றால் அது தடிமன் அதிகம். அகலத்தில், வாயின் இரு பக்கமும் ஐந்து மில்லிமீட்டர் போல வெளியே தெரிந்தால் போதும். அதிகமானால் இப்படியும் அப்படியும் வழுக்கும், குறைந்தால் உதட்டோரத்தைக் கிள்ளும். கிள்ளிய புண்ணை மருத்துவர் சோதனையில் கண்டுபிடித்துவிடுவார்.

பெரும்பாலான இளங்குதிரைக்கு நான் முதலில் நீட்டுவது நடுவில் சின்ன உருண்டைத் துண்டோடு இரண்டு மூட்டுள்ள ஸ்னாஃபிள். அது வேலை செய்கிறதா என்பதை இழுக்கும்போது பார்க்காதீர்கள், விடும்போது பாருங்கள். குதிரை வேகம் குறைத்த அந்தக் கணத்திலேயே விரல் தளர வேண்டும். தளர்ந்தால்தான் ‘ஓ, இதைத்தான் கேட்டாயா’ என்று அதற்குப் புரியும். ஈ உட்கார்ந்தாலே தோலைச் சிலிர்க்கும் பிராணிக்குக் கத்திச் சொல்ல வேண்டியதில்லை. பிடித்த பிடியை விடாமலே இருந்தால் எந்தக் கடிவாளத்துக்கும் வாய் மரத்துப்போகும். பிறகு அதைவிடக் கெட்டியானது, பிறகு அதைவிட...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். வாயில் இரும்பே இல்லாமல் மூக்கின்மேல் அழுத்தும் ஹாக்கமோர் என்ற கடிவாளம் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: வழியில் தின்னவும் குடிக்கவும் சௌகரியம், நெடுந்தூரக்காரர்கள் பலர் விரும்புகிறார்கள். ஆனால் அதிலும் நெம்புகோல் வைத்த வகை மூக்கெலும்பை நன்றாகவே நசுக்கும், ஆகவே பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரும்புதான் என்றால் கொக்கியில் கழற்றி மாட்டுகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், நிறுத்தத்தில் கழற்றினால் நிம்மதியாக மேயும். குளிர்காலையில் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிவிட்டு மாட்டுங்கள். ஒரு விரல்தான் இருக்கிறது இப்போது. வருகிறேன், வணக்கம்.